புகைப் பரிசோதனையும் நம் ஊர்க் காற்றும்

“நெருப்பில்லாமல் புகையாது” என்பது நம்மவர் நாவிற் பயின்ற பழமொழி. காரணமின்றி ஊரில் ஒரு பேச்சு எழாது என்பது அதன் கருத்து. மொழியாசிரியராகிய யாம் இதனைப் பல்லாண்டுகளாக வகுப்பறையிற் கூறிப் பொருள் விரித்து வருகின்றோம். எம் விளக்கத்திற் குறையுண்டென்று எவரும் இதுகாறும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு சாய்ந்தமருதில் ஒரு கராஜின் வாயிலில் நின்றபோது, கையெல்லாம் ஓயில் படிந்த முதியவர் ஒருவர் அதனைச் சொன்னார்.

“எஞ்சினுக்குள்ளே நெருப்பு ஒழுங்காக எரிந்தால் புகை வராது, சேர். நெருப்புக் குறைந்தால்தான் புகை வரும்.”

பழமொழியைத் தலைகீழாக்கிய இந்த ஒரு வாக்கியம் அன்றுதொட்டு எம்மை விட்டு நீங்கவில்லை. விழா மலருக்கு ஒரு கட்டுரை தருகவென மலர்க் குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே யாம் தருவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், பழைய மாணவர் எல்லோரும் இவ்விழாவிற்கு வரப்போவது வாகனங்களில். அவர்தம் பிள்ளைகள் நாடோறும் கல்லூரிக்கு வந்து போவதும் வாகனங்களில். ஆதலின் வாகனப் புகையையும் அதனைச் சோதிக்கும் முறையையும் பற்றிச் சிறிது ஆராய்தல் பொருந்துமென எண்ணித் துணிந்தோம். விஞ்ஞான ஆசிரியர்கள் எம் பிழைகளைப் பொறுப்பாராக. இக்கட்டுரைக்காக அவர்களுட் பலரை யாம் இடைவேளைதோறும் கேள்விகளால் வருத்தியுள்ளோம்.

முதலில் நம் வீதியை நோக்குவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, சியம்பலாண்டுவ வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலிற் கடலை அணுகி வடக்கே திரும்புகின்றது. பின்னர் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என ஊர்களைக் கோத்துக்கொண்டு மட்டக்களப்பை அடைகின்றது. ஓரூர் எங்கே முடிந்தது, அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்பதை அயலூரார் அறிதல் அரிது. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும்; இடையே ஒடுங்கிய நிலம். அந்நிலத்தில் மதிலோடு மதில் ஒட்டி வீடுகள். விரிவதற்கு இடமில்லாத இவ்வூர்களின் சந்தை, பள்ளிவாசல், கோவில், வைத்தியசாலை, பாடசாலை ஆகியன பெரும்பாலும் அந்த ஒரே வீதியையும் அதன் கிளைகளையுமே நம்பியுள்ளன. காலை ஏழு மணிக்கு அவ்வீதியில் நெல் ஏற்றிய லொறியும், நெடுந்தூர பஸ்ஸும், முச்சக்கர வண்டியும், பிள்ளைகளை அடைத்த வானும், ஒரே சைக்கிளில் மூவர் ஏறிய மாணவரும் ஒருங்கே ஊர்கின்றனர்.

இனிப் புகை பிறக்குமாற்றைக் காண்போம். பெற்றோலும் டீசலும் ஐதரசனும் காபனும் சேர்ந்த பொருள்கள். அவை முற்றும் எரியுமாயின் நீராவியும் காபனீரொட்சைட்டும் மட்டுமே எஞ்சும். ஒரு கிலோ பெற்றோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எரிபொருளை நாம் விலை கொடுத்து வாங்குகின்றோம். அதனினும் பதினான்கு மடங்குக்கு மேற்பட்ட காற்றை விலையின்றி எடுத்துக்கொள்கின்றோம். விலையில்லாத அதுவே எஞ்சினுக்கு அடிக்கடி குறைந்து போகின்றது. எயார் பில்டர் எனப்படும் காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டால் காற்றுக் குறையும். நோசல் தேய்ந்து டீசல் பூவாகத் தூவப்படாமற் சொட்டாக ஒழுகினால், உள்ள காற்றும் அதனோடு கலவாது. அப்போது காபன் எரியாமற் கரியாக வெளிப்படும். கராஜ் முதியவர் சொன்ன “நெருப்புக் குறைதல்” இதுவே.

புகையின் நிறம் நோயின் குறியாகும். நாடி பிடித்து நோயறியும் வைத்தியரைப் போலத் தேர்ந்த மெக்கானிக் சைலன்சரின் வாயைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார். கருநிறப் புகை எரிபொருள் மிகுதியையும் காற்றுக் குறைவையும் காட்டும். நீலம் கலந்த புகை எஞ்சின் ஓயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்களோ வால்வு முத்திரைகளோ தேய்ந்துவிட்டன என்பது அதன் பொருள். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காதாயின் குளிர்ச்சி நீர் உள்ளே கசிதல் கூடும். டீசல் வண்டியாயின் எரியாத டீசலும் அவ்வாறு தோன்றும். விடியற்காலையில் முதன்முதல் இயக்கும்போது சிறிது வெண்மை தோன்றி மறைதல் நோயன்று. மாணவர் இவற்றை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. வீதியோரத்தில் ஒரு நாள் நின்று பார்த்தாலே போதும்.

ஆயினும், கண்ணுக்குத் தெரிவது மட்டுமே கேடென்று எண்ணுதல் பெரும் பிழை. “புகைப் பரிசோதனை” என்று நம் நாட்டில் வழங்கும் பெயரும் இப்பிழைக்கு இடந்தருகின்றது. பெற்றோல் வண்டிகளிற் சோதிக்கப்படுவது புகையே அன்று. காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களுமாகும். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இணைந்துகொள்ளும். இணைந்தபின் ஒட்சிசனுக்கு இடமில்லை. டீசற் புகையிலோ, கண்ணுக்குக் கரியாகத் தோன்றும் பெருந்துகள்களைவிடக் கண்ணுக்குத் தோன்றாத நுண்துகள்களே கொடியவை. 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட துகளொன்று நம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிரும் சளியும் அதனைத் தடுக்கமாட்டா. அது நுரையீரலின் அடி நுனிவரை செல்லும். டீசல் எஞ்சின் வெளியிடும் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என 2012 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் ஐயமின்றி வகைப்படுத்தியது. இழைப்பு நோயுள்ள பிள்ளைகளை வகுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்க்கு இவ்வறிவிப்பு வருமுன்னரே பாதி தெரிந்திருக்கும்.

நம் நாட்டிற் சட்டம் எவ்வாறு வந்தது? 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் ஏற்பட்டு, 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை நிறுவப்பட்டது. சட்டம் இருந்தும் வாகனப் புகைக்கு வரம்பு வகுக்கும் ஒழுங்குவிதிகள் நெடுங்காலம் வரவில்லை. அப்பொழுது சட்டத்தரணி லலநாத் டி சில்வா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கொன்று தொடுத்தார். 569/98 என்பது அதன் இலக்கம். கொழும்பின் காற்றைக் காக்கும் விதிகளை அமைச்சு ஆக்காதிருத்தல் குடிமகனின் உரிமையை மீறுவதாகும் என்பது அவர் வாதம். அதன் பயனாக 2000 ஆம் ஆண்டில் வாகனப் புகை, எரிபொருள், வாகன இறக்குமதி ஆகியவற்றுக்கான தர விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2003 இல் அவை திருத்தப்பட்டன. விதி வந்தும் நடைமுறை வரவில்லை. 2007 இல் மீண்டுமொரு வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் செல்ல நேர்ந்தது. அதன் பின்னரே, 2008 இல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கீழ்ப் புகைப் பரிசோதனைத் திட்டம் மேல் மாகாணத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏனைய மாகாணங்களுக்கும் பரந்தது. காற்றைத் தூயதாக்குக என்று கேட்பதற்கு இருமுறை நீதிமன்றப் படியேற வேண்டியிருந்ததை மாணவர் நினைவிற் கொள்ளுதல் நன்று. விதியை எழுதுவது வேறு, விதியை நடத்துவது வேறு.

இதற்கிடையில் நிகழ்ந்த வேறிரண்டு மாற்றங்களையும் குறிப்பிடல் வேண்டும். பெற்றோலில் ஈயம் கலக்கும் வழக்கம் இலங்கையில் 2002 ஜூனில் ஒழிந்தது. உலகில் இறுதியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா. அது நிகழ்ந்தது 2021 இல். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதோடு, கார்களின் சைலன்சர்க் குழாயிற் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியையும் நஞ்சூட்டிச் செயலற்றதாக்கும். ஈயம் நீங்கிய பின்னரே அவ்வுறுப்பு நம் நாட்டிற் பயன்படலாயிற்று. மற்றையது, இரட்டையடிப்பு எஞ்சின் கொண்ட முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 முதல் தடைப்பட்டமை. பெற்றோலோடு ஓயிலையும் கலந்து எரித்து, எரியாத கலவையின் ஒரு பங்கை நேரே வெளியே தள்ளிய அவ்வண்டிகளின் நீலப்புகையைக் கல்முனைச் சந்தையிற் சுவாசித்தவர் மறந்திரார்.

சோதனை நடைபெறும் முறை எளிதே. பெற்றோல் வண்டியாயின் எஞ்சினைச் சூடேறவிட்டுச் சைலன்சரின் உள்ளே ஒரு குழாயைச் செலுத்துவர். அக்குழாய் உறிஞ்சும் வாயுவினூடாகச் செந்நிறக் கீழ்க்கதிர் பாய்ச்சப்படும். காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அவ்வவற்றுக்குரிய அலைநீளத்தில் அக்கதிரை விழுங்கும். எவ்வளவு விழுங்கின என்பதைக்கொண்டு எவ்வளவு உள்ளன என்பதைக் கருவி கணிக்கும். எஞ்சின் ஓய்வு வேகத்திலும் உயர் வேகத்திலும் இச்சோதனை செய்யப்படும். டீசல் வண்டியாயின் முறை வேறு. கியர் பூட்டாத நிலையில் அக்சிலேற்றரைச் சட்டெனத் தரைவரை மிதித்து விடுவர், இவ்வாறு பன்முறை. வெளிவரும் புகையினூடாக ஒளி பாய்ச்சி, அப்புகை ஒளியை எவ்வளவு மறைக்கின்றது என அளப்பர். பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மங்கித் தோன்றுமன்றோ, அதையே எண்ணாக எழுதுவது இக்கருவி. முடிவு கணினியிற் பதியப்படும். தேறிய வண்டிக்கே சான்றிதழ். அச்சான்றிதழ் இருந்தாலன்றிப் பிரதேச செயலகத்தில் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் பெறவியலாது. தவறிய வண்டி பழுது நீக்கி மீண்டும் வரல் வேண்டும்.

இச்சோதனை நமக்கு வேண்டியதில்லை என்பாரும் இவ்வூர்களில் உளர். “கொழும்புக்குத்தான் இது, நமக்குக் கடற்காற்று உண்டு, அது புகையை அள்ளிச் சென்றுவிடும்” என்பர். இவ்வாதத்தை யாமே ஒருகால் நம்பியிருந்தோம். இதற்கு மறுமொழி சொல்லக் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலீஸ் நகரம் உளது. அதுவும் கடற்கரை நகரமே; கடற்காற்று அங்கும் நாடோறும் வீசும். 1943 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் அந்நகரைக் கண்ணெரிக்கும் மூட்டம் மூடியபோது, உலகப் போர்க்காலமாதலின் பகைவரின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று அஞ்சியவரும் உண்டு. ஆரி ஹாகன் ஸ்மித் என்ற இரசாயன அறிஞர் அப்போது அன்னாசியின் நறுமணம் எப்பொருள்களால் உண்டாகின்றது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மணத்தைப் பகுத்தறியும் அதே முறையால் நகர்க் காற்றைப் பகுத்து, மூட்டத்தின் பெரும் பங்கு மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலிற் சேர்ந்து உண்டாவதென 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். மேலே வெப்பக் காற்று மூடிபோற் கவிந்து, பின்னே மலைகள் சூழ்ந்திருத்தலின் கடற்காற்று அங்கே புகையை அகற்றவில்லை. அம்மாநிலத்தில் 1984 முதல் வண்டிகளுக்குக் காலந்தோறும் புகைச் சோதனை கட்டாயமாயிற்று. வெயில் நமக்கும் குறைவில்லை.

நமக்கு மலையில்லை என்பீராயின், மெய்தான். ஆனால் பகலிற் கடலிலிருந்து வரும் காற்று வீதிப் புகையைக் கடலுக்கா கொண்டு செல்கின்றது? மேற்கேயுள்ள வீடுகளின் சன்னல்களுக்கன்றோ கொண்டு செல்கின்றது! கச்சான் வீசும் மாதங்களில் அது திசை மாறிக் கீழ்ப்புறத்து வீடுகளைச் சேரும். எத்திசைக்காயினும் கொண்டு செல்லுமுன் வீதியோரத்தில் நிற்பவர் அதனைச் சுவாசித்து முடித்துவிடுகின்றனர். அன்றியும் காற்று கொண்டு செல்வது போலக் கொண்டும் வரும். 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் 9 ஆம் நாள் நாட்டின் அரச பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டதை நம் மாணவர் மறந்திருக்கமாட்டார். வங்கக் கடலிற் புயலொன்று நின்ற வேளையில் இந்தியப் பக்கத்திலிருந்து மாசு படிந்த காற்று வந்து இத்தீவை மூடியதே அதன் காரணம். பிறர் வீட்டுப் புகை கடல் கடந்து நம்மிடம் வருமாயின், நம் வீதிப் புகை மதில் கடத்தல் அரிதோ?

இனி, சொல்வதற்குச் சிறிது கூசும் பகுதிக்கு வருகின்றோம். எம் தெருப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஏற்றிவரும் வான் ஒன்று உண்டு. அதன் உரிமையாளர், எம்மினும் மூத்தவர், எல்லோர்க்கும் காக்கா. பிள்ளைகளிடம் மிகுந்த பரிவுள்ளவர். மழை நாளில் வீட்டு வாயிலுக்கே வந்து குடை பிடித்து இறக்குபவர். சென்ற ஆண்டு அவர் வான் புகைப் பரிசோதனையிற் தவறியது. இரண்டு நாள் கழித்துத் தேறியது. மூன்றாம் நாள் முன்போலவே கரும்புகை கக்கியபடி கல்லூரி வாயிலில் நின்றது. வியந்து வினவினோம்.

“பம்பிலே ஒரு திருகாணி இருக்கு, சேர். அதைக் கொஞ்சம் இறுக்கினால் டீசல் குறைவாகப் போகும்; புகை நின்றுவிடும். ஆனால் வண்டி இழுக்காது. சோதனை முடிந்ததும் பழையபடி திறந்துவிட்டேன். வருசத்தில் ஒரு நாள்தானே பார்க்கிறார்கள்!”

மறைக்காமற் சொன்னார், அது குற்றமென்றே அவர் கருதவில்லை. எமக்கும் கோபம் எழவில்லை. நகைப்பே எழுந்தது, பின்னர் நாணம். ஏனெனில் தேர்வுக்கு முதல்நாள் இரவு குறிப்பை மனனஞ் செய்து, விடைத்தாளில் கொட்டி, மறுநாள் மறந்துவிடும் மாணவரை ஆண்டுதோறும் சித்தியெய்தச் செய்பவர் யாமன்றோ! சான்றிதழ் வேறு, கல்வி வேறு என்று மேடையில் முழங்கும் ஆசிரியர், புகைச் சான்றிதழ் வேறு, புகையின்மை வேறு என்பதை ஒரு வான் காக்காவிடம் கற்க நேர்ந்தது.

இவ்வித்தை ஏழையின் வித்தையென்று எண்ணற்க. செல்வரும் செய்துள்ளனர், மிகப் பெரிதாகவே செய்துள்ளனர். ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசற் கார்களின் கணினியில் ஒரு மென்பொருளை அமைத்திருந்தது. சக்கரம் சுழல்கின்றது, ஆனால் ஸ்ரியரிங் திரும்பவில்லை என்பன போன்ற குறிகளைக் கொண்டு, வண்டி இப்போது சோதனைச்சாலையில் நிற்கின்றது என்பதை அம்மென்பொருள் உணர்ந்துகொள்ளும். உணர்ந்ததும் நைதரசன் ஒட்சைட்டுகளைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை முழுதும் இயக்கும். வீதிக்கு வந்ததும் தளர்த்திவிடும். 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் இதனை வெளிப்படுத்தியது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் அது இருந்ததென நிறுவனமே ஒப்புக்கொண்டது. கண்டுபிடித்த வழி என்ன தெரியுமோ? மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துச் சிறு குழுவொன்று அளக்கும் கருவியை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வீதியில் ஓட்டிப் பார்த்தது, அவ்வளவே. தேர்வு மண்டபத்தில் அன்றி வழக்கமான ஒரு நாளில் அளந்தனர்.

இதனாலேயே ஆண்டுச் சோதனையோடு வீதியோரச் சோதனையும் வேண்டப்படுகின்றது. நம் நாட்டிலும் அதிகாரிகள் பொலிசாரின் துணையோடு இடையிடையே வீதியில் வண்டிகளை நிறுத்திப் புகையளப்பது உண்டு. அது எந்நாளில் எவ்விடத்தில் நிகழுமென்று தெரியாதிருத்தலே அதன் வலிமை. மெக்சிக்கோ நகரம் கற்ற பாடமும் இங்கே கருதத்தக்கது. அங்கே முதலிற் பழுது பார்க்கும் கராஜ்களே சோதனையும் செய்தன, சான்றிதழ் விலைபொருளாயிற்று. 1990களில் அந்நகரம் சோதிப்பதையும் திருத்துவதையும் பிரித்து, சோதனைக்கெனத் தனிநிலையங்களை ஏற்படுத்தியது. கற்பிப்பவரே தேர்வுத்தாளும் திருத்தினால் வரும் இடரை ஆசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் காக்காவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. நோசல்களைக் கழற்றிச் சோதித்து மாற்றுவதற்கும் பம்பைச் சீர்செய்வதற்கும் ஆகும் செலவு அவருடைய ஒரு மாத வருவாய்க்கு மேல். 2020 இல் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டும் உள்ள வண்டிகளே கிழண்டு கிழண்டு ஓடின. உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. 2022 இல் எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். அக்காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து வண்டியோட்டியவரும் உண்டு. அந்த எஞ்சின்கள் அதன் பின் பழைய நிலைக்கு மீண்டிலாமை வியப்பன்று. புதிய காருக்குச் சோதனை ஒரு சடங்கு; கணினியும் வினையூக்கி மாற்றியும் அதனைத் தேற்றிவிடும். பழைய வானுக்கே அது மெய்யான தேர்வு. பழைய வானில் ஏறுவதோ வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். ஆகவே சட்டத்தை இறுக்குக என்று மட்டும் எழுதிவிட்டு யாம் ஒதுங்கினால், இறுகுவது காக்காவின் கழுத்தேயாகும். சட்டத்தைத் தளர்த்துக என்றால், இறுகுவது பிள்ளைகளின் மூச்சு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி தேடியே அன்று அவரோடு சாய்ந்தமருதுக் கராஜுக்குச் சென்றோம்.

அங்கேதான் முற்கூறிய முதியவரைக் கண்டோம். அவர் முதலில் திருகாணியைத் தொடவில்லை. எயார் பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். ஒரு கைப்பிடிக்கு மேலாகச் செம்மண்ணும் நெற்பதரும் கொட்டின. அறுவடைக் காலத்தில் அம்பாறை வீதியில் ஓடிய வண்டி என்பதை அதுவே சொல்லிற்று. “மூக்கை அடைத்துவிட்டு ஓடு ஓடு என்றால் எப்படி?” என்று காக்காவைக் கேட்டார். புதிய பில்டர் இட்டு, நான்கு நோசல்களையும் கழற்றிப் பார்த்து, மிகக் கெட்ட இரண்டை மட்டும் இப்போது மாற்றுவோம், மற்றவை அடுத்த தவணைக்கு என்றார். கூலியைத் தவணையாகப் பெறவும் இசைந்தார். திருகாணியை இறுக்கியே வைத்தார், வண்டி இழுத்தது. புகை முற்றும் நிற்கவில்லை. ஆனாற் பின்னால் வரும் சைக்கிட் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஐந்து நாளில் தீரும் டீசல் இப்போது ஆறாம் நாளுக்கும் சிறிது எஞ்சுகின்றதெனக் காக்கா சொன்னார். எரியாமற் போன கரியெல்லாம் அவர் விலை கொடுத்து வாங்கிய டீசலே என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. எமக்குந்தான்.

பழைய மாணவர் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் செய்ய இந்நிகழ்ச்சியே எம்மைத் தூண்டிற்று. நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர். கராஜ் உரிமையாளர் உளர். போக்குவரத்துச் சபையிற் கடமையாற்றி ஓய்வு பெற்றோர் உளர். தவணைக்கு ஒரு சனிக்கிழமை அவர்கள் கல்லூரி மைதானத்திற்கு வந்து, பிள்ளைகளை ஏற்றும் வான்கள், முச்சக்கர வண்டிகளின் பில்டரையும் நோசலையும் பிளக்கையும் பார்த்துச் சொல்வாராயின், ஆண்டில் ஒரு நாளுக்குப் பதிலாக நான்கு நாட்கள் அவ்வண்டிகள் நோக்கப்படும். புதிய பில்டருக்குரிய பணத்தைச் சங்கம் கடனாக அளித்து மாதந்தோறும் பெற்றுக்கொள்ளலாம். இது பெரிய தொகையன்று. விழாப் பந்தலின் ஒரு பகுதிச் செலவுக்கும் குறைவானதே. இதனைச் சொல்வதால் விழாக் குழுவினர் எம்மீது சினங்கொள்ளாதிருப்பாராக.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. பாடசாலை விடும் நேரத்தில் வாயிலில் நிற்கும் வண்டிகள் எஞ்சினை நிறுத்தி வைத்தல். காக்கா இப்போது நிறுத்துகின்றார். குளிரூட்டிய கார்களில் வரும் பெற்றோர் சிலர் நிறுத்துவதில்லை. அவர்களிடம் சொல்லும் துணிவு வாயிற் காவலருக்கு இல்லை, எமக்கும் சில நாட்களில் இருப்பதில்லை.

இத்தவணையின் முதல் நாளில் விஞ்ஞானப் பிரிவு மாணவர் ஒரே வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை வீதியை நோக்கிய முன்மதிலிலும், மற்றொன்றை மைதானத்தின் பின்னேயுள்ள வேப்பமரத்தடியிலும் கட்டித் தொங்கவிட்டனர். படிவதெல்லாம் வாகனப் புகையன்று, வீதித் தூசியும் உண்டு என அவர்களின் ஆசிரியர் முன்கூட்டியே எச்சரித்துள்ளார். அது முறையான எச்சரிக்கை. இதனை எழுதும் வேளையில் எட்டு வாரங்கள் கழிந்துள்ளன. விழா நாளிற் துணிகள் இரண்டும் கழற்றப்பட்டு விஞ்ஞான கூடத்தின் மேசைமேல் அருகருகே விரிக்கப்படும்.